பரிவின் பெயரால் உடைமை

சென்னீர்குப்பம் முதலாக நாடெங்கும் வாழும் குடும்பங்களை 2018 வரை ஆண்ட ஒரு சட்டப்பிரிவை நாம் ஒரு பனுவலாகவே வாசித்துப் பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவே அது.

மெக்காலே 1837இல் அளித்த வரைவில் பிறன்மனை நயத்தல் குற்றமாக இடம்பெறவில்லை. பின்வந்த ஆணையத்தார் அதனைச் சேர்த்தனர். குழந்தை மணமும் பலதார மணமும் நிலவும் நாட்டில் பெண்ணைத் தண்டித்தல் தகாது எனக் கூறி, ஆணுக்கு மட்டுமே தண்டனை விதித்தனர்.

மேலோட்டமாக நோக்கின் இது பரிவு. சொற்களைக் கூர்ந்து நோக்கின் வேறு. கணவன் இசைந்திருந்தால் குற்றமே இல்லை. முறையிடும் உரிமையும் அவனுக்கே. அவன் இல்லாதபோது அவன் சார்பில் அவளைப் பேணியவருக்கு. கணவன் கைம்பெண்ணொருத்தியோடு உறவு கொண்டால் மனைவிக்கு இப்பிரிவில் வழியில்லை. காக்கப்பட்டது ஒழுக்கமன்று, உடைமையே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1641இல் இயற்றிய சட்டம், மணமான அல்லது மணம் பேசப்பட்ட பெண்ணோடு கொள்ளும் உறவுக்கு இருவரையும் கொல்லப் பணித்தது. தண்டனை வேறு; "பெண் யாருடையவள்?" என்னும் அளவுகோல் ஒன்றே.

1985இல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இப்பிரிவு செல்லும் என்றார். அவர் மகன் டி.ஒய். சந்திரசூட் இடம்பெற்ற ஐவர் அமர்வு, 2018 செப்டம்பர் 27 அன்று அது செல்லாது என்றது. ஆயினும் 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 84ஆவது பிரிவில், தகாத உறவுக்காகப் பிறர் மனைவியை வசப்படுத்தி அழைத்துச் செல்லுதல் இன்னும் குற்றமாக நிற்கிறது.

ஒழுக்கத்தை நாமும் வேண்டுகிறோம். அது இருபாலார்க்கும் பொதுவாகும்போதே ஒழுக்கம் எனப்படும்.