மாளிகையும் நூலகமும்

செல்வர், ஏழையரின் அறங்காவலர்! 1889-இல் ‘செல்வம்’ என்னும் கட்டுரையில் ஆண்ட்ரூ கார்னகி தீட்டிய கருத்து இது. 1892-இல், ஊதியக் குறைப்பை எதிர்த்த அவரது ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர் சிலர் குண்டுக்கு இரையாயினர். கட்டுரையின் குறை அங்கே வெளிப்பட்டது: கொடுக்கும் கைக்கு அதில் குரலுண்டு, உழைக்கும் கைக்கு இல்லை.

உலக அமைதி அறக்கட்டளைக்கென 1910-இல் ஒரு கோடி டாலர் ஈந்தார். அவர் பொருளால் ஹேக் நகரில் எழுந்த அமைதி மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே மூண்டது உலகப் போர்!

பின்னாளில் அவ்வறக்கட்டளை, பிறநாட்டாரை அறியச்செய்யும் நூல்களை அமெரிக்கச் சிற்றூர் நூலகங்களுக்கு அனுப்பியது. மாளிகையினும் இதனையே நாம் மதிக்கிறோம். அயலானைப் படித்தறிந்த பாட்டாளி மகன் போர்முரசுக்கு மயங்கான். கொடையாளர் அவனுக்கு நூல் தரட்டும், முடிவு அவனுடையதாகட்டும்!