கட்டங்களுக்கு விசுவாசம்: 'வாட்ச்மென்' திரைவடிவம் குறித்துச் சில கருத்துக்கள்

நாவலொன்று திரைப்படமாகும்போது மூலம் சிதைந்துவிட்டதா என்ற வினா எழுவது வழமை. சித்திர நாவலைப் பொறுத்தவரை இவ்வினா வேறொரு வடிவம் பெறுகின்றது. எழுத்தில் அமைந்த நாவலைப் படமாக்குபவர் காட்சியைத் தாமே கற்பித்துக்கொள்ள வேண்டும். சித்திர நாவலிலோ கோணமும் ஒளியும் உடையும் முகபாவமும் ஏலவே வரையப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை அப்படியே கமராவுக்குள் கொண்டுவந்தாற் போதும் என்ற மயக்கம் இலகுவில் ஏற்படுகின்றது. ஹொலிவூட் தயாரிப்பாளருக்கு இது வெறும் மயக்கமுமன்று. மூலத்தின் வாசகர் ஏலவே திரண்டு நிற்கும் சந்தை; 'உள்ளது உள்ளபடி' என்பது அச்சந்தைக்கு அளிக்கப்படும் உத்தரவாதம்.

அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' 1986-87ஆம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வெளிவந்தது. சாக் ஸ்னைடர் 2009இல் அதனைப் படமாக்கினார். (படத்தில் தமது பெயர் இடம்பெறுவதற்கே மூர் இணங்கவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.) முகமூடி வீரர்களை அணுவாயுதப் போரின் விளிம்பில் நிற்கும் 1985ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குள் நிறுத்தி, அவர்தம் வீரத்தின் பொருளை விசாரிப்பது இந்நாவல். படத்தின் பல காட்சிகள் கிப்பன்சின் கட்டங்களை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு ஒத்துள்ளன. அவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயின் நாவலில் நியூயோர்க்கின் தெருமூலை ஒன்று மீண்டும் மீண்டும் வருகின்றது. அங்கே பத்திரிகை விற்பவர் ஒருவர் உலக நடப்புப் பற்றி ஓயாது பேசுகின்றார். அருகே கறுப்பினச் சிறுவனொருவன் காசு கொடாமலே கடற்கொள்ளையர் சித்திரக்கதையொன்றை வாசித்துக்கொண்டிருக்கின்றான். டாக்சிச் சாரதி, உளமருத்துவர், அவர் மனைவி எனச் சாதாரண மனிதர் பலர் அம்மூலையிற் கூடுகின்றனர். கதையோட்டத்துக்கு இவர்கள் வேண்டாதவர் போலவே தோன்றுவர். வீரனொருவன் உலக சமாதானத்தின் பேரால் இலட்சக்கணக்கானோரைக் கொன்றொழிக்கும்போது நம் கண்முன் மாள்பவர்கள் இவர்களே. பத்திரிகை விற்பவர் சிறுவனை அணைத்தபடி வெண்மையில் மறைகின்றார். அடுத்த அத்தியாயம் ஆறு முழுப்பக்கங்களிற் பிணங்களைக் காட்டித் தொடங்குகின்றது. பெரும்பாலும் ஒன்பது கட்ட ஒழுங்கிலே நகர்ந்து வந்த நாவலில் அவ்வாறு பக்கம் திறந்துகொள்வது எம்மைத் திடுக்கிட வைக்கின்றது.

திரையரங்குகளிற் காட்டப்பட்ட 162 நிமிட வடிவில் இம்மாந்தர் ஏறக்குறைய மறைந்தே போயினர். நகரம் ஒளியிற் கரைகின்றது, எஞ்சுவது பெரும்பள்ளம், பிணங்கள் இல்லை. நாவலின் இறுதியில் வரும் பூதாகாரப் பிராணி நீக்கப்பட்டமை குறித்தே இரசிகர் பெரிதும் வாதிட்டனர். எமக்கு அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. இறந்தவர் யாரென்று அறியாத நிலையில், அக்கொலையின் நியாயம் பற்றிய இறுதி விவாதம் வீரர்களிடையேயான வெறும் அபிப்பிராய பேதமாகச் சுருங்கிவிடுவதே பெருங்குறை.

சேர்க்கப்பட்டது யாது என்பதும் நோக்கத்தக்கது. ஒரு கட்டத்தில் எவ்வளவு நேரம் தரித்து நிற்பது என்பதை வாசகனே தீர்மானிக்கின்றான். திரையில் அவ்வதிகாரம் இயக்குநருக்குரியது. ஸ்னைடர் அதனைப் பெரிதும் சண்டைகளுக்கே செலவிடுகின்றார். எலும்புகள் முறிகின்றன, இரத்தம் தெறிக்கின்றது, உடல்கள் மெதுவசைவில் மிதக்கின்றன. நாவல் ஐயுற்ற வீரத்தையே படம் வழிபடுகின்றது.

பின்னர் வந்த 215 நிமிட வடிவில் தெருமூலைக் காட்சிகளும் கடற்கொள்ளையர் கதையும் சேர்க்கப்பட்டன. நீளம் கூடியதேயன்றி, படத்தின் பார்வை மாறியதாகக் கொள்ள முடியவில்லை.

இதனோடு மர்ஜான் சத்ராபியின் 'பேர்ஸெபோலிஸ்' ஒப்புநோக்கத்தக்கது. ஈரானியப் புரட்சியையும் போரையும் புலப்பெயர்வையும் கூறும் தமது நூலை, வின்சன்ட் பரோனோவுடன் இணைந்து 2007இல் அவரே படமாக்கினார். நூலின் பல பகுதிகளை அவர் தயக்கமின்றி விட்டுவிட்டார். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் வர்ணத்தில் தொடங்கும் படம், நினைவுகளுக்குள் நுழையும்போது கறுப்பு வெள்ளையாகின்றது. தெஹ்ரான் செல்லும் விமானத்தில் ஏறாது அங்கே அமர்ந்திருக்கும் அப்பெண்ணை நூலின் எந்தக் கட்டத்திலும் நாம் காண்பதில்லை.