கொடையும் குரலும்
வாய்மொழி வரலாறு பற்றி ஒரு திறனாய்வு

பல்கலைக்கழகங்கள் எளிய மக்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து, ஆவணப்படங்களாக்கிக் காக்கும் பணி பெரிதும் நன்கொடையால் நடைபெறுகின்றது. திருச்சபையும் இதற்குக் கைகொடுத்தல் வேண்டும் என்பது நமது துணிபு. ஆயினும், கொடை தருவோரின் விருப்பம் கேட்கப்படும் வினாவையே வளைத்துவிடக்கூடும். இதற்கு நமது வரலாறே சான்று.

தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் கிருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழரிடம் வினாக்கள் அனுப்பிப் பெற்ற 99 கடிதங்கள், ஜெர்மன் மொழியாக்கமாக ஹாலே நகரில் அச்சேறின. சமயம், மருத்துவம், திருமணம், நீதிமுறை ஆகியவை பற்றித் தமிழரே பேசுவது இத்தொகுப்பின் தனிச்சிறப்பு. ஐரோப்பியர் பிறரைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது அரிய செயலாகும். எனினும், ஹாலே வெளியீடுகள் அருட்பணிக்குக் காணிக்கை அளிப்போரை நோக்கியவை. வினா ஒரு தரப்பாருடையது. விடைக்கு அடிக்குறிப்பும் அவர்களுடையதே. விடை எழுதியோரின் பெயர்களோ மறைந்து நின்றன. கொடையாளரை நாம் அறிவோம், பேசினவரை அறியோம்.

இக்குறை அருட்பணியாளர்க்கு மட்டும் உரியதன்று. 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணிக்கு, பிரெடரிக் பான்கிராஃப்ட் என்னும் வரலாற்றாசிரியரின் உயில்கொடை துணைநின்றது. ஆனால் தொடக்கத்தில் அங்கு முதன்மையாகக் கேட்கப்பட்டவை பொதுவாழ்வில் உயர்ந்தோரின் குரல்களே. பணியாளரும் குடியானவரும் பிற்காலத்திலேயே இத்துறையில் இடம்பெற்றனர்.

இனி, நமது அண்டையை நோக்குவோம். செய்யாற்றங்கரையிலுள்ள கலசப்பாக்கத்திலும் ஆரணி வட்டாரத்திலும் வாழும் முதிய நெசவாளரின் நினைவுகளை ஒரு பல்கலைக்கழகம் பதிவு செய்ய முன்வருவதாகக் கொள்வோம். பாவும் ஊடையும், சரிகையும் சாயமும் படத்தில் அழகாக அமையும். முன்பணம் பெற்றமையால் ஒரே முதலாளியின் தறியை விட்டு விலக இயலாத குடும்பத்தின் கதை அதில் அமையுமா? பாவு பிணைத்தும் நூல் சுற்றியும் உழைத்து, தனிக்கூலி பெறாத பெண்களின் சொல் அமையுமா? கொடையாளர் பட்டு வணிகராயின் இவ்வினாக்களே எழாமற்போகலாம். கொடையாளர் திருச்சபையாயின், சபைக்குள் நிலவும் சாதியைப் பற்றிய வினா எழாமற்போகலாம். இரண்டும் ஒரே குற்றமே.

லூக்கா கண்கண்ட சாட்சிகள் ஒப்புவித்தவற்றை விசாரித்துத் தம் நற்செய்தியைத் தெயோப்பிலு என்னும் மேன்மக்களுள் ஒருவர்க்கு எழுதினார். அவர் நூலுக்குப் பொருளுதவி செய்த புரவலராயிருக்கலாம் என்று கருதும் அறிஞர் உளர். ஆயினும் அந்நூலின் தொடக்கப் பகுதியில் பேசுவோருள் முதியவளான எலிசபெத்தும், எளியவளான மரியாளும், வயல்வெளி மேய்ப்பரும் உளர். புரவலரின் பெயர் முகப்போடு நின்றுவிடுகிறது.

ஆகவே, நாம் கொடுப்போம்; கொடுக்கையில் சில உறுதிகளைக் கேட்போம். பேசுவோர் விரும்பின் அவர் பெயர் நிற்கட்டும், அஞ்சுவாராயின் மறைக்கப்படட்டும். வினாக்களை வகுப்பதில் நெசவாளர்க்கும் பங்கு இருக்கட்டும். பதிவின் படி அவ்வூர்க்கே திரும்பட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூற்றொகுதியை 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியபோது, அது கடல் கடந்து செல்லாமல் சென்னையிலேயே நூலகமாயிற்று. அயலார் பணமும் மண்ணின் செல்வத்தை மண்ணிலேயே வைத்துக் காக்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. காணிக்கை அளித்தபின் அதன்மேல் கையை வைத்திருப்பவன், அதனை இன்னும் அளிக்கவில்லை.