அலைச்சல் கணக்கு: சட்டப் பொருளியலில் நம் பள்ளி

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தலைவர் கேட்டபோது, ‘சட்டப் பொருளியலின் பள்ளிகள்’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். பெரியவர் சொல்லைத் தட்டும் பழக்கம் எனக்கில்லை. தலைப்பை மட்டும் சற்றே மாற்றிக்கொண்டேன், பொறுத்தருள வேண்டும். வடக்கு அந்தமானின் திக்லிபூரில் உட்கார்ந்துகொண்டு சிகாகோவின் பெருமையை மட்டும் பாடிவிட்டுப் போனால் எங்கள் ஐயாவின் ஆன்மா சாந்தியடையாது.

1960இல் கோஸ் எழுதிய சமூகச் செலவுக் கட்டுரை, மறு ஆண்டே கலப்ரேசி எழுதிய விபத்துக் கட்டுரை, 1968இல் பெக்கரின் குற்றக் கணக்கு, 1973இல் போஸ்னரின் தடிப் புத்தகம். இந்த வம்சாவளியை நம் வட்டத்துப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். 1924இலேயே காமன்ஸ் இதையெல்லாம் தொட்டுவிட்டார் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நினைவூட்டும் நம் மூத்த உறுப்பினருக்கும் இங்கே வணக்கம் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது சரிதான்.

சிகாகோ பள்ளிக்கு ஓர் இதழ் இருந்தது; ஒரு பரம்பரை இருந்தது. ஆரோன் டைரக்டர் 1958இல் தொடங்கியதை 1964இல் கோஸ் கையில் எடுத்து 1982 வரை நடத்தினார். போஸ்னர் 1981இல் நீதிபதி நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். செல்வம் பெருகும் வழியே சட்டம் போகும் வழி என்பது அவர் கட்சி. செல்வம் எப்போதிருந்து ஒரு விழுமியம் ஆனது என்று 1980இல் டுவார்கின் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வர்ஜீனியாக்காரர்கள், புக்கனனும் டல்லாக்கும், சட்டம் இயற்றுகிறவனும் சந்தைக்காரன்தான் என்றார்கள். பஞ்சாயத்துத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. பொதுவளங்களை ஆராய்ந்த ஆஸ்ட்ரம் அம்மையாரைப் பற்றித் தனிக் கட்டுரையே வேண்டும்; ஏரியல் பே மீனவ நண்பர் ஒருவர் அடுத்த மலரில் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் பள்ளி யேல் வழி. கலப்ரேசி வழி. அதை இங்கே கொண்டுவந்தவர் ஐயா.

அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த பள்ளி ஆசிரியர். சட்டம் படித்தது அஞ்சல் வழியில், அரிக்கேன் விளக்கில். வழக்கறிஞர் தொழில் செய்யவில்லை. ஆனால் வழக்கு உள்ளவர்கள் வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பு அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அவரிடம் நீள நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். பக்கத்துக்கு மூன்று பத்தி. முதல் பத்தியில், நஷ்டம் யாருக்கு. இரண்டாவதில், அதை மலிவாகத் தடுத்திருக்கக்கூடியவர் யார். மூன்றாவதில், தீர்வுக்கு ஆகும் அலைச்சல். பொருளியல் புத்தகங்கள் பரிவர்த்தனைச் செலவு என்று சொல்வதைத்தான் ஐயா அலைச்சல் என்றார். அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை.

கல்போங் ஆற்றோரம் ஒரு வயல். பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நாற்றங்காலில் பாதியை மேய்ந்துவிட்டது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி மாட்டைப் பட்டியில் அடைக்கலாம். அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். நாற்றுக்காரர் கொதித்துப்போய்த் திண்ணைக்கு வந்தார். ஐயா நோட்டைத் திறந்தார். மாட்டைப் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போக அரை நாள். அதற்கு ஓர் ஆள் கூலி. பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்தால், அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் போவது தனி. மூன்றாவது பத்தி நிரம்பி வழிந்தது. அன்று மாலையே சாலிஷ் கூடியது. நம் வங்காள உறவுகள் ஊர்ப் பஞ்சாயத்தை அப்படித்தான் சொல்வார்கள். மாட்டுக்காரர் தன் நாற்றில் பாதியைக் கொடுத்து, நடவுக்கு இரண்டு நாள் ஆளும் அனுப்புவது என்று முடிவானது. பணப் பேச்சே எழவில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்குத் தின்றதை நான் பார்த்தேன்.

பல வருடம் கழித்து எலிக்சனின் 1991ஆம் வருடத்துப் புத்தகம் ஐயா கைக்கு வந்தது. கலிபோர்னியாவில் சாஸ்தா கவுண்டி மாட்டுப் பண்ணைக்காரர்கள், மாடு வேலி தாண்டினால் சட்டப் புத்தகத்தைத் தேடுவதில்லை, அண்டை வீட்டு வழக்கப்படியே தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். ஐயா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “சாஸ்தா கவுண்டியாமில்லா! நம்ம குலசாமி பேருல்லா வச்சிருக்கான். மாட்டுத் தாவாவ வேற யாருகிட்ட கொண்டு போவான்?” என்றார்.

ஆனால் சாலிஷில் தீராதது ஒன்று உண்டு. புள்ளிமான். வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட மான், தின்னும் விலங்கு இல்லாத தீவில் பெருகிவிட்டது. நெல்லையும் கடிக்கும், இளம் பாக்குக் கன்றையும் கடிக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருப்பதால் அதன் மேல் கை வைக்க முடியாது. மாட்டுக்கு உடையவன் இருக்கிறான், பேசலாம். மானோடு யார் பேரம் பேசுவது? பேரம் பேச ஆள் இருந்தால் உரிமை யாரிடம் தொடங்கினாலும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும் என்பதைக் கோஸின் தேற்றம் என்று பெயர் சூட்டிப் பரப்பியவர்கள், அவர் கட்டுரையின் பின்பாதியைப் படிக்கவில்லை. பேரத்துக்குச் செலவு உண்டு, அதனால்தான் சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பது முக்கியமாகிறது என்றே கோஸ் சொன்னார். மான் மேய்ந்த வயலில் நஷ்டம், வேலி, இரவுக் காவல் மூன்றும் விவசாயி தலையில். ஐயாவின் நோட்டில் அந்தப் பக்கத்தின் இரண்டாம் பத்தி கடைசிவரை காலியாகவே இருந்தது.

ஹேண்ட் நீதிபதியின் சூத்திரத்தையும் அவர் கரும்பலகையில் சொல்லித்தந்ததில்லை. ஏரியல் பே ஜெட்டிக்கு எங்களைக் கூட்டிப்போனார். 1944 ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் அன்னா சி என்ற சரக்குத் தோணி கட்டவிழ்ந்து, மாவு மூட்டைகளோடு மூழ்கியது. தோணிக்காவலன் முந்தின நாள் மாலையிலிருந்தே ஆளைக் காணோம். தடுக்கும் செலவு, விபத்து நேரும் வாய்ப்பையும் இழப்பையும் பெருக்கி வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தும் தடுக்காமல் விட்டால் அது கவனக்குறைவு என்று 1947இல் தீர்ப்பு வந்தது. இதைச் சொல்லிவிட்டு ஐயா ஜெட்டியில் கட்டியிருந்த ஒரு டுங்கிப் படகின் கயிற்றைக் கையில் எடுத்து எங்களிடம் கொடுத்தார். நைந்த கயிறு. “இதை மாத்த எவ்வளவு ஆகும்?” நாங்கள் கயிற்றின் விலையைச் சொன்னோம். டுங்கிக்காரர் பக்கத்திலேயே நின்றார். “கயிறு இங்கே கிடைக்காது சார். கப்பல்ல வரணும். வர்ற வரைக்கும் ராத்திரி டுங்கியிலேயே படுத்துக்கிறேன்” என்றார். தடுக்கும் செலவு என்றால் என்ன என்பதை அந்தக் கயிற்றில் படித்தோம்.

பெரிய பாடம் அந்தமான் டிரங்க் ரோட்டில். இங்கிருந்து தலைநகருக்குப் போகும் பஸ்ஸில், கான்வாய்க்குக் காத்திருக்கும் நேரத்தில், 1972இல் கலப்ரேசியும் மெலமெடும் பிரித்த மூன்று வகையை ஐயா ஜன்னல் வழியே காட்டினார். நம் வீட்டு மனையை நம் சம்மதம் இல்லாமல் எவரும் வாங்க முடியாது. விலையை நாம் வைக்கிறோம். அது உரிமை விதி. அதே மனையை அரசு ரோட்டுக்கு எடுத்தால் சம்மதம் வேண்டாம், ஈடு போதும். விலையை வேறொருவர் வைக்கிறார். அது ஈட்டு விதி. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஜாரவா பழங்குடிகளின் காடு இரண்டிலும் சேராது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அந்த நிலம் வெளியாள் கைக்குப் போக வழியில்லை. விருப்பம் இருந்தாலும் விற்க முடியாத உரிமை. சில பேரத்தைச் சட்டம் ஏன் அடியோடு தடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த ரோட்டின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. ரோடு இன்றும் ஓடுகிறது. நாமும் அதில் போய்க்கொண்டிருக்கிறோம். இதையும் கணக்கில் எழுது என்றார் ஐயா. நான் எழுதினேன்.

இனி தரத்தைப் பற்றி. யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. இன்று இத்துறையில் உழைப்பவர்களில் மிக நல்லவர்கள் உண்டு. சிலர் நம் சங்கத்திலேயே உண்டு. ஆனாலும் மனம் பொறுக்கவில்லை.

2017இல் சர்க்கரை ஆலைகள் வழக்கொன்றில் நீதிபதி சிக்ரி, தீர்ப்பின் பொருளாதார விளைவையும் நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நல்ல வார்த்தை. அதற்குப் பிறகு பிடித்தது ஒரு காய்ச்சல். எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் ‘செலவு–பயன் பகுப்பாய்வு’. செலவும் இருக்காது, பயனும் இருக்காது, பகுப்பாய்வு மட்டும் இருக்கும். சில காலம் முன்பு ஓர் அரங்கில் (ஊர் வேண்டாம்) ஓர் இளைஞர் உச்ச நீதிமன்றத்தின் அந்த 2002 மே 7 உத்தரவைப் பற்றி வாசித்தார். அந்த உத்தரவு நமக்கு மனப்பாடம்: சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கை, மரம் வெட்டத் தடை, ஆக்கிரமிப்பு அகற்றல், கடற்கரை மணலை ஆண்டுக்குக் குறைந்தது 20 விழுக்காடு குறைத்து ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்காக்குவது. பயன் செலவை மிஞ்சுகிறது என்று அவர் முடித்தார். ராம்நகர், காலிப்பூர் கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்த்தவன் நான். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். செலவுப் பக்கத்தில் என்ன எழுதினீர்கள் தம்பி என்று கேட்டேன். மரச் சந்தையின் இழப்பு என்றார். அவ்வளவுதானா? அரைகுறையாய் நின்ற வீட்டுச் சுவருக்கு மணல் தேடி அலைந்தவன் எங்கே? ஆக்கிரமிப்பு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, உயர் நீதிமன்றத்தின் சர்க்யூட் பெஞ்சுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பியவனின் நாள் கூலி எங்கே? மூன்றாவது பத்தி எங்கே?

அவர் கணினித் திரையைக் காட்டினார். அதில் பத்திகள் பதினான்கு இருந்தன. அலைச்சலுக்கு ஒன்றுகூட இல்லை.

இது ஒருவர் குற்றமில்லை, தலைமுறையின் குற்றம். நோட்டு போடுவதில்லை. வயலுக்குப் போவதில்லை. ஜெட்டிக்குப் போவது புகைப்படத்துக்கு. காட்டின் நிகர மதிப்பு ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் வைத்ததை ஒப்பிப்பார்கள். ஒரு கட்டுப் பாக்கு மட்டை என்ன விலை என்று கேட்டால் விழிப்பார்கள். பெயரைக்கூட ஒழுங்காக எழுதுவதில்லை. கோஸ் என்று எழுதினால் முட்டைக்கோஸ் என்று சிரிப்பார்களாம். அதற்காகக் கோயேஸ், கோவாசு, கோசே என்று ஒரே கட்டுரையில் மூன்று விதமாக எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். 1991இல் நோபல் பெற்ற மனிதருக்கு இந்தக் கதியா? பெயரில் அலட்சியம் காட்டுகிறவன் தொகையில் காட்ட மாட்டானா? கூட்டத்துக்கு நேரத்தில் வருவதுமில்லை, தேநீருக்கு முன்பே போய்விடுவது வேறு. (தேநீரும் முன்பு போல் இல்லை. அது வேறு விஷயம்.)

பிழையான தீர்ப்பின் விலை, விசாரணையின் விலை, இரண்டையும் கூட்டிக் குறைப்பதே நடைமுறைச் சட்டத்தின் வேலை என்று போஸ்னர் 1973இல் எழுதினார். ஐயா அதைக் கோவலனை வைத்துச் சொல்வார். பாண்டியன் ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் செலவை மிச்சம் பிடித்தான். மதுரையைக் கட்டணமாகக் கட்டினான். இப்போது எழுதுகிறவர்கள் பாண்டியன் வழி. சிலம்பை உடைத்துப் பார்ப்பதில்லை.

ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இல்லை. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு நோட்டில் தொகை போட்டபோது எங்களில் சிலரே ஐயாவைக் கேலி செய்தோம். விறகு, தண்ணீர், கோழி, பிள்ளை என்று மணிக்கணக்காகப் பிரித்து எழுதுவார். 2021இல் கீர்த்தி வழக்கில் நீதிபதி ரமணா, பெண்கள் ஊதியமில்லா வீட்டு வேலையில் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்ற அரசுக் கணக்கை எடுத்துக்காட்டி, விபத்து இழப்பீட்டில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு வைக்கத்தான் வேண்டும் என்றார். அந்தப் பகுதியை வாசித்த அன்று நான் ஐயாவின் நோட்டை எடுத்து அருகில் வைத்துக்கொண்டேன். அவர் கேட்க இல்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐயாவின் நோட்டுகள் இருபத்தேழும் சங்க அலமாரியில் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிறது. ஏழாவது நோட்டில் கரையான் பட்டுவிட்டது. படியெடுக்க நாலு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். சாவி செயலாளரிடம் இருக்கிறது.