எண்ணப்பட்டவர்கள்: கான்வாய் நாவல்களை வாசித்தல்

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்குப் பாட்டி வைத்த பெயர் எம்டன். அவரிடமிருந்து ஐந்து ரூபாய் வாங்குவதற்குள் நம்மிடம் பத்து ரூபாய்க்கான வேலையை வாங்கிவிடுவார். "அவன் எம்டன்டா, ஜாக்கிரதை" என்பாள் பாட்டி. அந்தக் குரலில் பயமும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸுக்கு வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். அன்றைக்கு அங்கே நின்றிருந்த சுப்ரா என்ற வணிகக் கப்பலும் குண்டடி பட்டது. குண்டு போட்டவன் பெயர் நூறு வருஷம் தாண்டியும் நம் பேச்சில் இருக்கிறது. அடிபட்ட கப்பலின் பெயர் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்வரை எனக்கே தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த சில நாவல்களிலும் இதேதான் நடக்கிறது என்று கொஞ்ச நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

*

2020 ஜூலை, லாக்டவுன் காலம். ஆப்பிள் டிவியில் 'கிரேஹவுண்ட்' வந்தது. திரைக்கதை எழுதி நடித்தவர் டாம் ஹாங்க்ஸ். ஒன்றரை மணி நேரப் படம். ஒரே வாரத்தில் மூன்று முறை பார்த்தேன். பிறகு அதன் மூலமான சி.எஸ். ஃபாரஸ்டரின் 'தி குட் ஷெப்பர்ட்' (1955) நாவல், அங்கிருந்து நிக்கோலஸ் மான்சராட்டின் 'தி க்ரூயல் சீ' (1951) என்று போய்க்கொண்டே இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் ஆயுதமும் அட்லாண்டிக்கைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகளான யூ-போட்டுகள் கூட்டமாக வந்து அந்தக் கப்பல்களை வேட்டையாடின. அதனால் முப்பது, நாற்பது வணிகக் கப்பல்களைப் பல வரிசைகளாக நிறுத்தி, சுற்றிலும் சில காவல் கப்பல்களைப் போட்டு அனுப்பினார்கள். அதுதான் கான்வாய். அதிலேயே மெதுவான கப்பலின் வேகம்தான் மொத்தக் கூட்டத்தின் வேகமும். நடுக்கடலில் இரு கரையிலிருந்தும் விமானம் எட்டாத ஒரு பகுதி இருந்தது. வேட்டை அங்கேதான் உச்சத்துக்குப் போகும். டார்பிடோ பட்ட கப்பலுக்காக மற்ற வணிகக் கப்பல்கள் நிற்கக் கூடாது, நின்றால் அடுத்த இலக்கு அதுதான். சில கான்வாய்களின் கடைசியில் மட்டும் ஆட்களைப் பொறுக்கி எடுக்க ஒரு மீட்புக் கப்பல் வரும்.

ஆக, கணக்கு இப்படி: நாற்பதில் முப்பத்தைந்து போய்ச் சேர்ந்தால் வெற்றி.

ஃபாரஸ்டரின் நாயகன் கிராஸ் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவன் பொறுப்பில் 37 வணிகக் கப்பல்கள். காவலுக்கு நான்கு கப்பல்கள், நான்கும் வெவ்வேறு நாட்டுக் கொடிகள். கிட்டத்தட்ட இரண்டு நாள் கதை நடக்கிறது, ஃபாரஸ்டர் கிராஸின் தலையை விட்டு வெளியே வருவது அபூர்வம். அவனுக்குத் தெரிவதுதான் நமக்குத் தெரியும். திசை, தூரம், எத்தனை குண்டு மீதி, எண்ணெய் எவ்வளவு என்று மாறி மாறிக் கணக்கு ஓடுகிறது. நடுவில் கால் வலி, ஆறிப்போன காபி. இந்த நாவல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் சுலபமானது. என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

*

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால், ஞாயிறு அதிகாலை மூன்று மணி. ஆன்-கால் முறை என்னுடையது. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. ஒரு சர்வர் குழுவைத் துண்டித்தால் மற்றவை பிழைக்கும் என்று டாஷ்போர்டு பார்த்தாலே தெரிந்தது. நான்கு நிமிஷம் யோசித்தேன், துண்டித்தேன், மற்றவை பிழைத்தன. திங்கட்கிழமை எழுதிய அறிக்கையில் நிமிஷ வாரியாக நான் என்ன பார்த்தேன், என்ன முடிவெடுத்தேன் என்பது மூன்று பக்கம். "பாதிக்கப்பட்டவர்கள்: 3 சதவீதம்" என்பது ஒரு வரி. எல்லாரும் பாராட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் சக ஊழியர் ஒருத்தர் டீக்கடையில் சொன்னார். அந்த மூன்று சதவீதத்தில் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடையும் உண்டு. கடைப் பையன் விடியும்வரை கையாலேயே பில் எழுதிச் சமாளித்திருக்கிறான். "அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எங்களை ஏன் சார் கட் பண்ணீங்க?"

யாரும் சாகவில்லை. இதைப் போரோடு ஒப்பிடுவது அபத்தம், ஒப்பிடவும் இல்லை. ஆனால் அந்த அறிக்கை முழுக்க என் இரவைப் பற்றியது, அவன் இரவைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்பது உறைத்தது. அதற்குப் பிறகுதான் மான்சராட்டை மறுபடி எடுத்தேன்.

*

'தி க்ரூயல் சீ'யின் மிகப் பிரபலமான காட்சி இது. காம்பஸ் ரோஸ் என்ற சிறிய காவல் கப்பல், எரிக்ஸன் அதன் தலைவன். மூழ்கிய வணிகக் கப்பலின் ஆட்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டு, மீட்க வருகிறார்கள் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேர் கீழே யூ-போட் இருப்பதாக ஒலிக்கருவி காட்டுகிறது. நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டால் நீந்துகிறவர்கள் சாவார்கள். போடாவிட்டால் நாளைக்கு இன்னொரு கப்பல் போகும். எரிக்ஸன் போடச் சொல்கிறான். கீழே நிஜமாகவே யூ-போட் இருந்ததா என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. 1953இல் வந்த படத்தில் ஜாக் ஹாகின்ஸின் கண்ணீரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மான்சராட் போர்க்காலத்தில் இப்படிப்பட்ட கப்பல்களில் வேலை பார்த்தவர். கணக்கு சரியாக இருந்தாலும் கை நடுங்கும் என்பதை அவர் அளவுக்கு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு. அந்த விதத்தில் ஃபாரஸ்டரைவிட ஒரு படி மேல்தான்.

ஆனால் அதே நாவலின் இன்னொரு பகுதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் காம்பஸ் ரோஸே டார்பிடோ பட்டு மூழ்குகிறது. இப்போது தண்ணீரில் கிடப்பது அதன் சொந்த ஆட்கள். மான்சராட் ஒவ்வொருவராக எடுத்துச் சொல்கிறார். ஒருத்தன் எப்படிச் செத்தான், சாகும்போது யாரை நினைத்தான், அடுத்தவன் எப்படிச் செத்தான் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. தமிழில் அழுது படித்தேன் என்பார்களே, அப்படித்தான் படித்தேன்.

அதே கடல், அதே குளிர்தான். முதல் காட்சியில் செத்தவர்களில் ஒருவனுக்காவது பெயர் உண்டா? கிடையாது. அவர்கள் எரிக்ஸனின் மனசாட்சிக்காகச் சாகிறார்கள். நாம் அழுவதும் எரிக்ஸனுக்காக. கொன்றவனின் துக்கம் நமக்கு நெருக்கமாக இருக்கிறது, செத்தவனின் துக்கம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. முடிவெடுக்கிறவனின் பக்கத்திலேயே நம்மை உட்கார வைத்துவிட்டு, முடிவு எவ்வளவு கஷ்டம் பாருங்கள் என்று நாவல் கேட்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் நானும் உடனே தலையாட்டிவிட்டேன்.

எதிர்த்தரப்பிலும் இதுதான். புக்ஹைமின் 'தஸ் போட்' (1973) நாவலிலிருந்து வந்த 1981ஆம் வருஷப் படத்தில், எரியும் டேங்கர் கப்பலிலிருந்து ஆட்கள் குதித்து நீர்மூழ்கியை நோக்கி நீந்தி வருவார்கள். தலைவன் கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்வான். கேமரா அவன் முகத்துக்குத் திரும்பிவிடும்.

*

"காவல் கப்பலில் இருந்தவன் தனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கிராஸுக்கு அந்த 37 கப்பல்களும் இருட்டில் தெரியும் நிழல்கள்தான். அதை அப்படியே காட்டுவது ஃபாரஸ்டரின் நேர்மை என்றும் வாதிடலாம்.

ஆனால் காவல் கப்பல்கள் விட்டுவிட்டுப் போன கதையிலும் இதுவே நடந்திருக்கிறது. 1942 ஜூன் 27 அன்று ஐஸ்லாந்திலிருந்து சோவியத் ரஷ்யாவுக்குக் கிளம்பிய பி.க்யூ. 17 கான்வாயில் 35 வணிகக் கப்பல்கள். ஜூலை 4 இரவு, டிர்பிட்ஸ் என்ற பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் வருகிறது என்று பயந்து, கான்வாய் சிதற வேண்டும் என லண்டனிலிருந்து அட்மிரல் பவுண்ட் உத்தரவிட்டார். காவல் கப்பல்கள் விலகின, வணிகக் கப்பல்கள் தனித்தனியாக ஆர்க்டிக்கில் ஓடின. விமானங்களும் யூ-போட்டுகளும் 24 கப்பல்களை மூழ்கடித்தன. செத்த வணிக மாலுமிகள் 153 பேர். டிர்பிட்ஸ் அவர்களை நெருங்கவே இல்லை.

இந்தக் கதை பிற்பாடு நீதிமன்றத்துக்கும் போனது, செத்தவர்களுக்காக இல்லை. காவல் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய ஜாக் புரூம், டேவிட் இர்விங்கின் புத்தகம் தன்னை அவதூறு செய்கிறது என்று வழக்குப் போட்டு 1970இல் 40,000 பவுண்டு நஷ்டஈடு வென்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் பி.க்யூ. 17 பற்றிய பேச்சு உத்தரவு சரியா, விலகியது சரியா என்பதையே சுற்றி வந்தது. விட்டுவிட்டுப் போன பிறகும் கதை அவர்களுடையதாகவே இருந்தது.

*

அந்த வணிகக் கப்பல்களில் யார் இருந்தார்கள்? போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஊழியர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். லஸ்கர்கள் என்பார்கள். சில்ஹெட், சிட்டகாங், கோவா பக்கத்து ஆட்கள் அதிகம். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு. 1939இல் இதற்காக வேலைநிறுத்தமே செய்தார்கள். நிறையப் பேருக்கு வேலை எஞ்சின் அறையில், அதாவது டார்பிடோ பாயும் நீர்மட்டத்துக்குக் கீழே.

1940 செப்டம்பர் 17 இரவு சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் டார்பிடோ பட்டது. அதில் குண்டுவீச்சுக்குத் தப்பிக்க கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 பிரிட்டிஷ் குழந்தைகள் இருந்தார்கள், 77 பேர் செத்தார்கள். காவல் கப்பல்கள் அன்று அதிகாலையே வேறு கான்வாயைச் சந்திக்கப் போய்விட்டிருந்தன. மறுநாள் மீட்க வந்த ஹரிகேன் என்ற போர்க்கப்பல், பக்கத்தில் மூழ்கிய மரினாவின் ஒரு படகைப் பெனாரஸின் படகு என்று எண்ணிவிட்டது. எல்லாப் படகும் வந்தாச்சு என்று கிளம்பிவிட்டார்கள். 12ஆம் எண் படகு மட்டும் கடலிலேயே நின்றது.

எட்டு நாள். படகில் சுமார் 46 பேர். ஆறு பையன்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த மேரி கார்னிஷ், ஒரு பாதிரியார், சில மாலுமிகள். மற்றபடி முப்பது பேருக்குக் கொஞ்சம் கூடுதலாக இந்திய ஊழியர்கள். படகில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள்தான். பையன்களின் மனம் தளராமல் இருக்க மேரி கார்னிஷ் புல்டாக் டிரம்மண்ட் சாகசக் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். போர் முடிவதற்கு முன்பே எல்ஸ்பெத் ஹக்ஸ்லி அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். அவர் தைரியசாலி, அதில் சந்தேகமே இல்லை.

படகின் இன்னொரு பக்கத்தில் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? அவர்களும் எட்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள், தாகத்தோடு. ஊர்ப்பேச்சோ, பிரார்த்தனையோ, சண்டையோ, கதையோ இருந்திருக்கும். அது அவர்கள் மொழியில் இருந்ததால் அந்தப் படகில் எழுதத் தெரிந்த யாருக்கும் காதில் விழவில்லை. 'தி க்ரூயல் சீ'க்குச் சமமாக, எஞ்சின் அறையிலிருந்து மேலே பார்த்து எழுதிய ஒரு நாவலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் என் கையில் கிடைக்கவில்லை.

செத்த பிரிட்டிஷ் வணிக மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில்லில் வெண்கலத் தகடுகளில் இருக்கின்றன. ஏறத்தாழ ஆறாயிரம் இந்திய வணிக மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரு பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான். அந்தப் புத்தகம் முதல் வேலையைச் செய்திருக்கிறது.

போன வாரம் 'கிரேஹவுண்ட்' மறுபடி பார்த்தேன். இன்னும் நல்ல படம்தான். தூரத்தில் ஒரு கப்பல் எரியும்போது நிறுத்தி, திரையின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு நிற வெளிச்சம், கரும்புகை. ஆள் யாரும் தெரியவில்லை. பிறகு பிளே பொத்தானை அழுத்தினேன், படம் கிராஸிடம் திரும்பிப் போனது.