செட்டிநாட்டு "அரண்மனை டூர்": எந்த ராஜாவோட அரண்மனை?

காரைக்குடிக்கு வர்றவங்களுக்குத் தனி கார், தனி கைடு போட்டு "செட்டிநாடு அரண்மனை டூர்" என்று ஒன்றை விற்கிறார்கள். வரிசை அநேகமாக ஒன்றுதான்: கானாடுகாத்தான் ராஜா வீடு, ஆத்தங்குடி பெரிய வீடு, ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை, வாழையிலைச் சாப்பாடு, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, கடைசியில் பழைய சாமான் கடைத்தெரு. காரிலும் சாப்பாட்டிலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. "அரண்மனை" என்கிற வார்த்தையில்தான் குறை.

எந்த ராஜா? இந்தப் பக்கத்தில் நிஜமான அரண்மனை சிவகங்கை கௌரி விலாசம். 1772-ல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட, 1780-ல் வேலு நாச்சியார் மீட்ட சீமை அது. காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அரண்மனை டூரில் அந்த அரண்மனை இருக்காது!

கானாடுகாத்தானில் இருப்பது வியாபாரியின் வீடு. அண்ணாமலை செட்டியாருக்கு 1923-ல் சர் பட்டமும், 1929-ல் பரம்பரை ராஜா பட்டமும் கொடுத்தது ஆங்கில அரசு. வீடு அதற்குப் பல வருஷம் முந்தியது. ஊர்க்காரங்க "ராஜா வீடு" என்று சொல்வதில் "வீடு" இருக்கிறது. டூர்க்காரங்க அதை எடுத்துவிட்டார்கள்.

சரி, பேர்ல என்ன இருக்கு என்று கேட்கலாம். அரண்மனை என்று சொல்லிவிட்டால், பார்க்கிறவர் சிம்மாசனத்தைத் தேடுவார், தூணை எண்ணுவார். வீடு எப்படி இயங்கியது என்று கேட்கத் தோன்றாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் இந்த வீட்டின் கணக்கு அலகு "புள்ளி". கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் அந்தந்தப் புள்ளிக்கானவை. மகனுக்குக் கல்யாணமானால் "வேறு வைப்பார்கள்": வீடு ஒன்று, வரவு செலவும் சமையலும் தனித்தனி. இதைச் சொல்லாமல் வளவைக் காட்டினால் அது வெறும் பெரிய முற்றம்.

இந்தப் புள்ளிக் கணக்கின் வேர் டூர் போகாத ஓர் ஊரில் இருக்கிறது. கீழச்சிவல்பட்டி பக்கத்து இளையாத்தங்குடி. நகரத்தார் ஒன்பது கோயில்களில் ஒன்று. கைலாசநாதர், நித்யகல்யாணி சந்நிதி. கோயில் என்றால் சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. நீங்கள் யாருக்குப் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதை அதுதான் சொல்லும். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். புள்ளி வரியும் உண்டு. அதாவது ஒரு சமூகத்தின் பதிவேடே இங்கேதான். அதைத் திறந்து பார்க்காமல் நேராகத் தேக்குத் தூணுக்குப் போய்விடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய விடுபடல் பணம். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று பட்டியல் வாசிக்காத கைடு இல்லை. பர்மாவிலிருந்து தேக்கு மட்டுமா வந்தது? வட்டியும் வந்தது. பர்மிய விவசாயிக்கு நிலத்தின் பேரில் கொடுத்த கடன்தான் தொழில். அந்தக் கடனில் நெல் விளைந்ததும் உண்மை. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் இருந்தது. 1938-ல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது நிலம் இல்லை, ரொக்கம். ஆனால் நிலத்தை இழந்த பர்மியருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் பலர் ஓடி வர நேர்ந்தது. 1948-ல் பர்மாவில் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. இன்று பூட்டிக் கிடக்கும் பல வீடுகளுக்கான காரணத்தை இந்த வரிசையில் தேடலாம். கூடவே, ஒரே வீட்டுக்கு இன்று எத்தனை புள்ளிகள் பங்குதாரர் என்பதிலும்.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், அவுட்புட்டை மட்டும் காட்டிவிட்டு லாகை மறைக்கிற வேலை இது.

கைடுகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே நாளில் ஆறு இடம், நடுவே போட்டோ. கேட்பவரும் "எவ்வளவு செலவாச்சு?" என்றுதான் கேட்கிறார். பெருமைக் கதை சொன்னால் டிப்ஸ் கிடைக்கும். கடன் கதைக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம்.

ஆனாலும் தனி டூருக்கு ஒரு வசதி உண்டு: காசு கொடுப்பவர் நீங்கள், வரிசையை மாற்றச் சொல்லலாம். ஒரு நாளில் இரண்டே வீடு போதும். காலையில் முதலில் இளையாத்தங்குடி. பிறகு வீட்டுக்குள் நுழைந்ததும் கைடிடம் மூன்று கேள்வி: இங்கே எத்தனை புள்ளி இருந்தார்கள்? கடை எந்த ஊரில் இருந்தது? கடைசியாக அங்கிருந்து எப்போது திரும்பினார்கள்? பதில் தெரிந்த கைடு கிடைத்தால் அவரை விடாதீர்கள். நாலு பேருக்கும் சொல்லுங்கள்.