வாசகர் கருத்தும் மொழிபெயர்ப்பும்: ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வை முன்வைத்து

1. முன்னுரை

நாவல் குறித்துப் பொதுவாசகர் கூறும் கருத்துகளை ஆய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. 'நன்றாக இருந்தது', 'நாயகியைப் பிடிக்கவில்லை' என்னும் அளவில் நின்றுவிடும் கூற்றுகளால் மொழியாய்வுக்குப் பயன் யாது என வினவுவது இயல்பே. ஆயினும் அக்கருத்துகள் நூலின் நடையைச் சுட்டும் சான்றுகளாகவும் அமையக்கூடும். ஜேன் ஆஸ்டின் (1775–1817) தம் 'எம்மா' நாவலைப் பற்றித் தாமே தொகுத்து எழுதிவைத்த வாசகர் கருத்துகள் அத்தகையன. அவற்றுள் சிலவற்றை நாவலின் மொழியமைப்போடு ஒப்பிட்டு, அதனைத் தமிழில் பெயர்ப்போர் கருதத்தக்கனவற்றைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. நூலும் கருத்துகளும்

'எம்மா' 1815 டிசம்பரில் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. முகப்புப் பக்கத்தில் 1816 என்னும் ஆண்டு இடப்பட்டது. லண்டனிலிருந்து 16 மைல் தொலைவிலுள்ள ஹைபரி என்னும் கற்பனைச் சிற்றூர் இதன் களம். சில குடும்பங்கள், அவற்றிடையே நிகழும் காதலும் மணமும், பிறருக்கு மணம் கூட்டிவைக்க முனையும் எம்மாவின் தவறான கணிப்புகள் ஆகியனவே கதை.

உறவினர், நண்பர், அறிமுகமானோர் ஆகியோரின் கருத்துகளை ஆஸ்டின் பெயர் குறித்து வரிசைப்படுத்தினார். புகழ்ச்சியை மட்டும் அவர் பொறுக்கி எடுக்கவில்லை. அண்ணன் மகள் ஃபேனி நாயகியைத் தம்மால் பொறுத்துக்கொள்ளவே இயலவில்லை என்றார். கதை சுவையற்றது எனக் கேள்வியுற்ற ஒருவர் முதல் அதிகாரத்தையும் இறுதி அதிகாரத்தையும் மட்டுமே படித்தார். இவையும் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

நாம் கருத வேண்டியவை மொழி பற்றிய இரு குறிப்புகள். ஆஸ்டினின் அண்ணன் ஜேம்ஸும் அவர் மனைவியும், இந்நூலின் மொழி முந்தைய நூல்களினின்று வேறுபட்டது, எளிதில் படிக்க இயலவில்லை என்றனர். செல்வி பிக் என்பவர் மணம் கூட்டிவைத்தல் என்னும் ஒரே பொருள் நூல் முழுதும் வருவதைக் குறை கூறினார். ஆனால் மொழி முந்தையவற்றினும் உயர்ந்தது என்றார். ஒன்று குறை, மற்றொன்று நிறை. ஆயினும் மொழி மாறியுள்ளது என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். மாறியது எது என்பதை அவர்கள் விளக்கவில்லை. அதனை விளக்குவது மொழியியலார் கடன்.

3. கலப்புக் கூற்று

நேர்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் இடைப்பட்ட ஒரு கூற்றுமுறை உண்டு. படர்க்கையும் இறந்தகாலமும் கதைகூறுநருக்கு உரியனவாக நிற்க, சொல்லும் வியப்பும் மதிப்பீடும் பாத்திரத்துக்கு உரியனவாக அமைவது அது. இதனை இங்குக் கலப்புக் கூற்று எனக் குறிப்போம். முந்தைய நாவல்களிலும் ஆஸ்டின் இதனை ஆண்டுள்ளார். எனினும் 'எம்மா'வில் இது எடுத்துரைப்பின் அடிப்படையாகவே ஆகிவிடுகிறது. பாதிரியார் எல்டன் ஹாரியட்டை விரும்புகிறார் என்பது எம்மாவின் கணிப்பு மட்டுமே. அது கதைகூறுநரின் கூற்றுப்போல் வருவதால் வாசகர் எம்மாவோடு சேர்ந்து ஏமாற நேர்கிறது. கூற்று யாருடையது என இடைவிடாது உய்த்துணர வேண்டியிருந்ததே ஜேம்ஸ் தம்பதியர் கண்ட அருமைப்பாட்டுக்குக் காரணம் எனலாம்.

தமிழில் இதனைப் பெயர்ப்போர் 'என்று' என்னும் சொல்லைத் துணைக்கொள்வது இயல்பு. நாம் அமைத்த பின்வரும் வாக்கியங்களை ஒப்பிடுக:

(அ) மார்ட்டின் நல்லவன். ஆனால் தன் தோழிக்கு ஏற்றவன் அல்லன் என்று எம்மா எண்ணினாள்.

(ஆ) மார்ட்டின் நல்லவன்தான். ஆனால் தன் தோழிக்கு அவனா?

(அ)-வில் கணிப்பு எம்மாவுடையது என்பது ஐயமின்றிப் பதிவாகிறது, ஏமாற்றத்துக்கு இடமில்லை. (ஆ)-வில் 'தன்' என்பதற்குரிய எழுவாய் வாக்கியத்தில் இல்லை. வாசகரே அதனை எம்மாவாக உணர்கிறார். '-தான்', '-ஆ' ஆகிய ஒட்டுகள் அவள் குரலைக் கொணர்கின்றன. வினைமுற்று இன்மையால் காலம் பற்றிய சிக்கலும் எழுவதில்லை. எனவே கலப்புக் கூற்று தமிழுக்கு அயலானது அன்று. எளிமை கருதி எங்கும் (அ) வடிவத்தையே ஆளும் மொழிபெயர்ப்பு, படிக்க இனிதாயினும் வேறொரு நாவலாகிவிடும்.

4. அவனும் அவரும்

மேற்கண்ட வாக்கியங்களில் 'அவன்' என்பதும் ஆராயத்தக்கது. ராபர்ட் மார்ட்டின் குத்தகை உழவர். ஆங்கிலப் படர்க்கைப் பெயர் மதிப்பைக் காட்டுவதில்லை. தமிழிலோ பெரும்பாலான வினைமுற்றுகளில் அது வெளிப்பட்டே தீரும். ஹாரியட்டின் வாயில் 'அவர்' பொருந்தும். எம்மாவின் எண்ணத்தில் 'அவன்' பொருந்தும். கதைகூறுநர் எங்கும் 'அவர்' என்றால் எம்மாவின் செருக்கு மறைந்துவிடும். எங்கும் 'அவன்' என்றால் அச்செருக்கு ஆசிரியருடையதாகிவிடும். எம்மாவின் கணிப்புகள் நிகழும் பகுதிகளில் 'அவன்' என்றும், இறுதியில் அவள் மனம் மாறி மார்ட்டினைத் தன் இல்லத்தில் வரவேற்கும் நிலையில் 'அவர்' என்றும் ஆள்வது தக்கது. ஆங்கிலத்தில் இல்லாத இவ்வேறுபாடு, மூலத்தின் கருத்தைச் சிதைக்காமல் தமிழுக்கு ஒரு கருவியாகிறது.

5. செல்வி பேட்ஸின் பேச்சு

ஓயாது பேசும் செல்வி பேட்ஸ் சிறந்த படைப்பே, ஆனால் அளவுக்கு மிஞ்சி வருகிறார் என்றார் ஆஸ்டினின் அண்ணன் மகளை மணந்த பென் லெஃப்ராய். வால்ட்டர் ஸ்காட்டும் 1816-இல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் பெயரின்றி எழுதிய மதிப்புரையில் நாவலைப் பாராட்டிவிட்டு இதே குறையைக் கூறினார். இதனைக் கேட்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அப்பேச்சுகளைச் சுருக்கத் தோன்றும். அது பெரும் பிழையாகும். ஊர் மருத்துவர் பெர்ரி வண்டி வாங்க எண்ணிய செய்தியை ஃபிராங்க் சர்ச்சில் வாய்தவறிக் கூறிவிட்டு, கனவில் கண்டேன் போலும் என மழுப்புகிறான். அது தம் வீட்டாருக்கு மறைவாகக் கூறப்பட்ட செய்தி என்பதைச் செல்வி பேட்ஸ் தம் நெடும்பேச்சின் இடையே சொல்கிறார். அவ்வீட்டு ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்கும் அவனுக்கும் உள்ள மறைமுகத் தொடர்புக்கு அதுவே துப்பு. பேச்சைச் சுருக்கினால் துப்பும் போய்விடும்.

இதில் தொடரியல் சிக்கலும் உண்டு. ஆங்கில வாக்கியம் இடையில் முறியும்போது எழுவாயும் வினையும் பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்கும். தமிழில் வினை இறுதியில் நிற்பதால் முறிந்த வாக்கியம் பொருளையே இழக்கும். ஆகவே முறிவுகளை அவ்வாறே பெயர்ப்பதினும், முடிவுற்ற சிறு வாக்கியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே அப்பேச்சின் ஓட்டத்தைத் தரும்.

6. முடிவுரை

ஆஸ்டின் தொகுத்தவை பெரும்பாலும் அறிந்தோர் வட்டத்தின் கருத்துகள்; அவற்றைக் கொண்டு அக்கால வாசகர் அனைவரையும் பற்றி முடிவு கூறுதல் இயலாது. எனினும் ஒன்று தெளிவு. படிக்க அரிது, நாயகியைப் பிடிக்கவில்லை, பேச்சு மிகுதி என அவர்கள் குறையாகக் கண்ட மூன்றும் நாவலின் மொழியமைப்பு செயற்படும் இடங்களே. எம்மாவின் எண்ணத்துக்குள் இருத்தப்படும் வாசகரே அவள்மீது சினம் கொள்கிறார். எனவே வாசகர் குறை கூறும் இடத்தை மொழிபெயர்ப்பாளர் செப்பனிடுவதற்கு முன், அங்கு மூலமொழி என்ன செய்கிறது என ஆராய வேண்டும். நம் பல்கலைக்கழக மொழிபெயர்ப்புப் பாடத்திட்டங்களில் இத்தகைய வாசகர் கருத்துகளும் ஆய்வுத் தரவாக இடம்பெறுதல் நலம்.